அல்ட்ராசோனிக் கருவி இல்லாத காலத்தில் நீர்மூழ்கியின் உடலை எப்படிச் சோதித்தார்கள்?

தகடுமானி எழுதியது:

வணக்கம். கப்பல் பழுதுபார்க்கும் யார்டு ஒன்றில் தகட்டின் தடிமன் அளப்பதும் வெல்டிங் சோதிப்பதும்தான் என் வேலை, பதினோரு வருடமாக. போன மாதம் தங்கை வீட்டுக்கு இங்கிலாந்து போயிருந்தேன். போர்ட்ஸ்மத்துக்கு எதிர்க்கரையில் கோஸ்போர்ட்டில் நீர்மூழ்கி அருங்காட்சியகம் இருக்கிறது என்றதும் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு அங்கே போய்விட்டேன்.

அங்கேதான் ஹாலண்ட் 1 நிற்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் முதல் நீர்மூழ்கி. 1901 அக்டோபரில் பாரோவில் விக்கர்ஸ் கட்டி நீரில் இறக்கியது. நீளம் 64 அடிகூட இல்லை, அதற்குள் எட்டுப் பேர், ஒரு பெட்ரோல் எஞ்சின், தரைக்கு அடியில் பேட்டரி, முன்னால் ஒரு டார்பிடோ குழாய். உள்ளே பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஒரு வெல்டிங் கிடையாது, முழுக்க முழுக்க ரிவெட், அதாவது தகடுகளைத் துளைத்துச் சேர்த்து அடிக்கும் ஆணி. ஒவ்வொரு ரிவெட்டும் தண்ணீர் புகக்கூடிய ஒரு ஓட்டை என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது.

நான் ஒரு தகட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஜெல் தடவி ஒலியலை அனுப்பும் புரோபை வைத்தால் போதும், தடிமன் திரையில் வந்துவிடும். சந்தேகமிருந்தால் எக்ஸ்ரே எடுப்போம். இவர்களிடம் அது எதுவும் இல்லை. அப்படியானால் இந்தப் படகைக் கடலுக்கு அனுப்பும் முன் 'இது தாங்கும்' என்று கையெழுத்துப் போட்டவர் எதைப் பார்த்துவிட்டுப் போட்டார்? ஒழுகினால் எப்படிச் சரிசெய்தார்கள்? எந்த இடத்தைப் பார்க்கத் தவறினார்கள் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள், எனக்கு அதுதான் முக்கியம். பழைய கப்பல்களைப் பற்றி நிறையப் படங்கள் கிடைக்கின்றன, பழுதுபார்ப்பைப் பற்றி யாரும் விரிவாக எழுதுவதில்லை.

---

கொதிகலன்காரர் எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நீர்மூழ்கியில் நான் வேலை பார்த்ததில்லை. ஆனால் ரிவெட் அடித்த பாய்லரில் முப்பது வருடம் கை வைத்திருக்கிறேன். கலை ஒன்றுதான், பாய்லரில் அழுத்தம் உள்ளேயிருந்து வெளியே தள்ளும், நீர்மூழ்கியில் வெளியேயிருந்து உள்ளே அமுக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் உங்கள் பயத்தைப் போக்குகிறேன். ரிவெட் வெறும் ஓட்டை இல்லை. பழுக்கக் காய்ச்சி அடித்த ரிவெட் ஆறும்போது சுருங்கி இரண்டு தகடுகளையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நல்ல ரிவெட் அடிப்பவன் போட்ட வரிசை பல வருடம் அசையாது. தண்ணீர் தடுப்பது ரிவெட் மட்டுமல்ல, அதற்குப் பிறகு செய்யும் கால்கிங். தோணி கட்டுகிறவர்கள் பலகை இடுக்கில் பஞ்சு திணித்து அடைப்பதைக் கலப்பத்து என்பார்களே, அதே வேலைதான், ஆனால் இரும்பில் பஞ்சு இல்லை. மேல் தகட்டின் விளிம்பையே மழுங்கிய உளியால் தட்டித் தட்டிக் கீழ்த் தகட்டோடு நசுக்கி ஒட்டவைப்பார்கள். இரும்பே இரும்புக்கு அடைப்பு. அதிகமாக அடித்தாலும் ஆபத்து, தகடு நெம்பிக்கொண்டு பிரிந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும்.

இப்போது சோதனை. ரிவெட் தலையின் ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மறுபக்கத்தில் சின்னச் சுத்தியலால் தட்டுவோம். இறுக்கமாக இருந்தால் கணீரென்று கேட்கும், விரலுக்கு எதுவும் தெரியாது. தளர்ந்திருந்தால் சத்தம் மந்தமாக இருக்கும், விரல் நுனியில் ஒரு சின்ன அதிர்வு வரும். ஆயிரம் ரிவெட் இருந்தால் ஆயிரத்தையும் தட்ட வேண்டும். மாலையில் காது அடைத்துப் போகும், ஆனாலும் நடுவில் ஒன்று மாறிக் கேட்டால் கை தானாக நின்றுவிடும். அதோடு கண்ணும் வேலை செய்யும். ரிவெட் தலையைச் சுற்றிக் கோடு போல துரு வடிந்திருந்தால் அது உள்ளே அசைகிறது என்று அர்த்தம்.

இணைப்பு ஒழுகுகிறதா என்று பார்க்க ஒரு பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவைத்து மறுபக்கம் மண்ணெண்ணெய் தடவுவோம். மண்ணெண்ணெய் தண்ணீர் போகாத இடுக்கிலும் போகும். சுண்ணாம்பில் கறை வந்தால் அங்கே வழி இருக்கிறது. தொட்டிகளில் இன்னும் இதைச் செய்கிறவர்கள் உண்டு, உங்கள் யார்டில்கூட செய்வார்கள். மூடிய தொட்டி என்றால் உள்ளே தண்ணீர் நிரப்பிப் பம்பால் அழுத்தம் ஏற்றி வெளியே கசிகிறதா என்று பார்ப்பது, அல்லது காற்றை ஏற்றி வெளியே சோப்புத் தண்ணீர் தடவுவது.

அடுத்து, தடிமனை எப்படி அளந்தார்கள்? ஓட்டை போட்டுத்தான். சந்தேகமான இடத்தில் சின்னத் துளை போட்டு, கொக்கி வைத்த அளவுகோலை நுழைத்துத் தடிமனை அளந்துவிட்டு, துளைக்கு மரை வெட்டி ஆணியை முடுக்கி அடைத்துவிடுவோம். கேட்க முரட்டுத்தனமாக இருக்கும், ஆனால் அது பொய் சொல்லாது. குறை ஒன்றுதான், எந்த இடத்தில் துளை போடுவது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

ஒழுகும் ரிவெட்டைச் சரிசெய்வது பெரிய வேலை. தலையைச் சுற்றிக் கால்கிங் செய்து பார்ப்போம், நிற்கவில்லை என்றால் துளைத்தெடுத்துப் புதிதாக அடிக்க வேண்டும். புதியதை அடிக்கும் அதிர்ச்சியில் பக்கத்து ரிவெட் தளர்ந்துவிடும். அதனால் ஒன்றை மாற்றினால் சுற்றியுள்ள அத்தனையையும் மறுபடி தட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏணியிலிருந்து இறங்க வேண்டும்.

---

ஆழ்கடல்வாசகி எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் உடலைப் பற்றி நான் சேர்க்க எதுவும் இல்லை. ஆனால் உடல் ஒழுகி மூழ்கியதைவிட வேறு காரணங்களில்தான் இந்த ஆரம்பக்காலப் படகுகளில் அதிகம் பேர் இறந்தார்கள், அதைச் சொல்ல வேண்டும்.

சோதனையைப் பொறுத்தவரை ஹாலண்ட் 1-ஐ எடுத்ததும் கடலுக்கு அனுப்பிவிடவில்லை. 1902 மார்ச்சில் முதல்முறை மூழ்கவைத்தது துறைமுகத்துக்குள்ளேயே, சுற்றிலும் மூடிய ஒரு படுகையில். ஏப்ரலில்தான் கடல் சோதனைகள் தொடங்கின. இந்த வகைப் படகுக்கு 100 அடிதான் எல்லை என்று வைத்திருந்தார்கள். இன்றைக்கு அது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். ஆனால் 100 அடியில் ஒவ்வொரு சதுர அங்குலத்திலும் 44 பவுண்டுக்கு மேல் கூடுதல் அழுத்தம் இருக்கும்.

இப்போது அந்த வேறு காரணங்களுக்கு வருகிறேன், முதலில் திறந்து கிடந்த வால்வுகள். இதே ஹாலண்ட் என்ற பெயரில் அமெரிக்காவில் நீர்மூழ்கி வடிவமைப்பாளர் ஜான் ஹாலண்ட் கட்டிய படகு இருந்தது, பிறகு 1900-ல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. 1897 அக்டோபரில் அது நியூ ஜெர்சியில் எலிசபெத் ஊர் கட்டுமானத் தளத்தில் கரையோரமாக நின்றுகொண்டிருந்தபோது ஒரு தொழிலாளி வால்வை மூட மறந்துபோக, நின்ற இடத்திலேயே மூழ்கிவிட்டது. பதினெட்டு மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்தது. உடலுக்கு ஒன்றும் ஆகவில்லை, மோட்டார் சுருள்கள் முழுக்க நனைந்துவிட்டன. வெளியிலிருந்து சூடு காட்டியும் ஈரம் போகவில்லை. அப்போது மோட்டார் கொடுத்த நிறுவனம் ஃபிராங்க் கேபிள் என்ற மின்பணியாளரை அனுப்பியது. அவர் ஆர்மேச்சரில் (மோட்டாரில் சுழலும் சுருள் பகுதி) மின்சாரத்தைத் திருப்பி ஓடவிட்டு, சுருள் தன் சூட்டிலேயே உள்ளிருந்து காயும்படி செய்தார். படகு பிழைத்தது. அந்த கேபிள்தான் பிறகு ஹாலண்டின் சோதனை ஓட்டங்களை நடத்தும் மாலுமியாகவே ஆகிவிட்டார். பழுதுபார்க்க வந்தவர் படகையே ஓட்டினார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு மகிழ்ச்சி உண்டு.

எல்லா வால்வும் இப்படி மன்னிக்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டமைப்புத் தரப்பின் (தென் மாநிலங்கள்) ஹன்லி என்ற நீர்மூழ்கி 1863-ல் மட்டும் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் இரண்டு முறை மூழ்கியது. ஆகஸ்டில் ஐந்து பேர், அக்டோபரில் எட்டுப் பேர், அந்த எட்டில் படகுக்குப் பணம் போட்ட ஹொரேஸ் ஹன்லியும் ஒருவர். இரண்டாம் முறை தூக்கிப் பார்த்தபோது முன்பக்க பல்லாஸ்ட் தொட்டியின் (படகு மூழ்கத் தண்ணீர் நிரப்பும் தொட்டி) வால்வு திறந்தே இருந்தது, அதைத் திருகும் சாவி தரையில் கிடந்தது. அந்தத் தொட்டி மேலே மூடப்படாதது. நிரம்பினால் வழிந்து ஆட்கள் இருக்கும் இடத்துக்கே வரும். கீழே கட்டியிருந்த இரும்பு எடையைக் கழற்றிவிட ஆணிகளைப் பாதிவரை திருகியிருக்கிறார்கள், முடிக்க முடியவில்லை. சுத்தம் செய்து, மறுபடி ஆட்களை ஏற்றி, 1864 பிப்ரவரி 17-ல் எதிரித் தரப்பின் ஹவுசடானிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு அதுவும் திரும்பவில்லை.

பிறகு பிரிட்டிஷ் நீர்மூழ்கி ஏ1. 1904 மார்ச் 18-ல் பயிற்சியின்போது பெர்விக் காசில் என்ற பயணிகள் கப்பல் படகின் மேல் நிற்கும் கோபுரத்தில் மோதிப் பதினோரு பேரும் இறந்தார்கள். ஒரு மாதத்தில் தூக்கிப் பழுதுபார்த்துப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டார்கள். ஆனால் உண்மையான பழுதுபார்ப்பு அடுத்த படகுகளின் வரைபடத்தில் நடந்தது. கோபுரத்தின் அடியில் இன்னொரு நீர்புகா மூடி வைத்தார்கள், மேலே உடைந்தாலும் தண்ணீர் கீழே இறங்காதபடி. இன்றைக்கும் நீர்மூழ்கிக் கோபுரத்துக்கு இரண்டு மூடி உண்டு.

பெட்ரோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடைத்த இரும்புக் குழலுக்குள் பெட்ரோல் ஆவியும் மின்பொறியும். 1905 பிப்ரவரியில் அயர்லாந்தின் குயின்ஸ்டவுனில் ஏ5 எரிபொருள் நிரப்பிய கொஞ்ச நேரத்தில் வெடித்தது. அதனால்தான் வெள்ளை எலிகளைக் கூண்டில் வைத்து எடுத்துப்போனார்கள், பெட்ரோல் கசிந்தால் எலி முதலில் மயங்கிவிடும் என்று.

---

பேட்டரி அறை எழுதியது:

எல்லாம் சரி அக்கா, எலி விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம். எலி நமக்கு முன்னால் மயங்குவது கார்பன் மோனாக்சைடுக்கு. அதன் மூச்சு வேகம், உடல் சிறியது, நச்சு சீக்கிரம் ஏறும். பெட்ரோல் எஞ்சின் புகை உள்ளே தேங்கினால் அது சொல்லிவிடும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றோடு நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே தீப்பிடிக்கும். அந்த அளவில் எலி பாட்டுக்குத் தின்றுகொண்டிருக்கும். அதற்கு மனிதன் மூக்குதான் கருவி, அதுவும் அரை மணி நேரம் அந்த வாசனையிலேயே இருந்தால் மரத்துப்போகும். எனவே வெளியிலிருந்து புதிதாக வந்தவர் மூக்கை நம்ப வேண்டும்.

சரி, தகடுமானி கேட்ட 'எந்த இடத்தைப் பார்க்கத் தவறினார்கள்' என்பதற்கு என்னிடம் ஒரே ஒரு பதில் இருக்கிறது. எஃப்-4. இதைப் பற்றி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன், ஏனென்றால் நான் லெட்-ஆசிட் பேட்டரி பராமரிப்பில் இருபது வருடம் இருந்தவன்.

1915 மார்ச் 25. ஹொனலூலு துறைமுகத்திலிருந்து பயிற்சிக்குப் புறப்பட்ட அமெரிக்க நீர்மூழ்கி எஃப்-4 மூழ்கியது, மேலே வரவில்லை. இருபத்தொரு பேர். துறைமுகத்திலிருந்து ஒன்றரை மைலில், சுமார் 300 அடி ஆழத்தில். அதுவரை அமெரிக்கக் கடற்படை ஒரு நீர்மூழ்கியை இப்படி இழந்ததில்லை. போரில்லை, மோதலில்லை, புயலில்லை.

அதைப் பார்க்கவே ஆட்கள் அவ்வளவு ஆழத்துக்கு இறங்க வேண்டியிருந்தது. செம்புத் தலைக்கவசம், ரப்பர் உடை, மேலேயிருந்து குழாயில் காற்று. ஃபிராங்க் கிரில்லி 300 அடிக்கு மேல் இறங்கிப் படகைக் கண்ணால் பார்த்தார். அந்தக் காலத்தில் அவ்வளவு ஆழத்துக்கு இறங்குவது யாரும் செய்யாத காரியம். ஏப்ரல் 17-ல் லோமன் என்ற சக மூழ்குநர் 250 அடியில் கயிற்றிலும் குழாயிலும் சிக்கிக்கொண்டபோது கிரில்லிதான் மறுபடி இறங்கி விடுவித்தார். அதற்காக அமெரிக்காவின் உயர்ந்த வீரப் பதக்கம் கொடுத்தார்கள்.

தூக்குவது ஐந்து மாத வேலை. அடியில் வடங்களைக் கோத்து, மேலே மிதக்கும் தட்டைப் படகுகளிலிருந்து சுற்றி இழுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைப்பக்கம் கொண்டுவந்தார்கள். ஆழம் குறைந்த இடத்துக்கு வந்தபிறகு கடல் கொந்தளித்து வடங்களே உடலைச் சேதப்படுத்தின. அப்புறம் கடற்படைக் கட்டுமான அதிகாரி ஜூலியஸ் ஃப்யூரர் ஆறு மிதவைத் தொட்டிகளை வடிவமைத்து, அவற்றைத் தண்ணீர் நிரப்பி இறக்கி, படகின் இரு பக்கமும் கட்டி, காற்றை ஊதித் தண்ணீரை வெளியேற்றித் தூக்கினார். ஆகஸ்ட் 29. பிற்காலத்தில் நீர்மூழ்கிகளைத் தூக்கியவர்கள் இதே வழியைத்தான் பெரிதாக்கினார்கள்.

டாக்கில் ஏற்றிப் பார்த்த பிறகுதான் நாம் பேச வேண்டிய விஷயம் வருகிறது. பேட்டரிகள் தரைக்கு அடியில் ஓர் எஃகுத் தொட்டியில் இருக்கும். ஆசிட் சிந்தினால் எஃகைத் தின்னும் என்பதால் தொட்டிக்கு உள்ளே ஈயத் தகடு போர்த்தியிருப்பார்கள், ஈயத்தைச் சல்ஃபியூரிக் ஆசிட் எளிதில் அரிக்காது. அந்த ஈயப் போர்வை அரித்துப்போய், அதன் வழியாகக் கடல்நீர் கசிந்து பேட்டரி அறைக்குள் வந்திருக்கிறது, அதனால்தான் மூழ்கி ஓடும்போது தளபதியின் கையை மீறிப் படகு போய்விட்டது என்பதே விசாரணைக் குழுவின் கணிப்பு.

இதை என் அனுபவத்தில் யோசித்துப் பார்க்கிறேன். ஈயத்தில் ஊசிமுனை அளவு வழி கிடைத்தால் போதும். சார்ஜ் ஏறும்போது செல் பொங்கும், மூடியிலிருந்து பொடித் துளிகளாக ஆசிட் தெறிக்கும், ஒன்றிரண்டு ஜாடியில் கீறல் இருக்கும். அது ஈயத்துக்கும் எஃகுக்கும் நடுவில் இறங்கித் தங்கிவிட்டால் யாருக்கும் தெரியாது. மேலே ஈயம் பளபளவென்று இருக்கும், அடியில் எஃகும் ரிவெட் தலையும் கரைந்துகொண்டிருக்கும். கொதிகலன்காரர் ஐயா சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைச் சொன்னார். அந்த ரிவெட்டைத் தட்ட வேண்டுமானால் ஆட்கள் நிற்கும் தரையைப் பிரித்து, பேட்டரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேல்தளத்து மூடி வழியாக மேலே தூக்கி, ஈயத்தை உரித்தெடுக்க வேண்டும். அது வாரக்கணக்கில் பிடிக்கும் வேலை. தினமும் கடலுக்குப் போகிற படகில் யார் செய்வார்கள்?

நான் வேலை பார்த்த ஒரு தொழிற்சாலையின் பேட்டரி அறையில் இதே மாதிரி ஒன்று நடந்தது. ரப்பர் பூச்சு பூசிய இரும்புத் தாங்கி. வாரா வாரம் அடர்த்திமானியில் ஒவ்வொரு செல்லும் பார்த்து நோட்டில் எழுதுவேன், வடிநீர் ஊற்றுவேன், ஈரத்துணியால் துடைப்பேன், சிந்திய இடத்தில் சோடா மாவு போடுவேன். எல்லாம் சரியாகவே இருந்தது. ஒருநாள் காலையில் போனால் ஒரு வரிசை முழுக்கச் சாய்ந்து கிடந்தது. பூச்சுக்கு அடியில் இரும்பு அப்பளமாக நொறுங்கியிருந்தது. மேலே பூச்சில் ஒரு சின்னக் கொப்புளம் மட்டும் பல மாதமாக இருந்தது. அதை நான் தினமும் பார்த்தேன், விரலால் அமுக்கிக்கூடப் பார்க்கவில்லை. யாருக்கும் காயமில்லை என்பதால் இன்றைக்கு இதை எழுத முடிகிறது. எஃப்-4 பற்றிப் படித்தபோது எனக்கு அந்தக் கொப்புளம்தான் ஞாபகம் வந்தது.

கடல்நீர் பேட்டரிக்குள் போனால் இன்னொரு பயங்கரம். உப்பும் ஆசிட்டும் சேர்ந்து குளோரின் வரும். மூழ்காமல் தப்பினாலும் மூச்சில் கொல்லும். சாதாரணமாகச் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தால் ஒரு பொறி போதும். எனவே சார்ஜ் ஏற்றும்போது விசிறி ஓடுகிறதா என்று பார்ப்பது, செல்லிலிருந்து உடலுக்கு மின்கசிவு இருக்கிறதா என்று பார்ப்பது, தொட்டியின் அடியில் ஈரம் தேங்கியிருக்கிறதா என்று பார்ப்பது, அந்த ஈரம் உப்பா புளிப்பா என்று பார்ப்பது. புளிப்புக்கு லிட்மஸ் தாள் போதும், உப்பை அது காட்டாது, அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். உப்பு என்றால் வெளியிலிருந்து வருகிறது. புளிப்பு என்றால் உள்ளிருந்து போகிறது. இரண்டும் என்றால் அந்தப் படகில் யாரும் ஏறக்கூடாது.

எஃப்-4-இன் சகோதரிப் படகுகள் அந்த ஆண்டு இறுதியில் ஹவாயிலிருந்து அமெரிக்கக் கரைக்கு இழுத்துக்கொண்டு போகப்பட்டன. தம் பலத்தில் ஓடிப் போகவில்லை, இழுத்துக்கொண்டு.

---

தகடுமானி எழுதியது:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பேட்டரி அறை அண்ணா, நீங்கள் எழுதியதை எங்கள் ஷிஃப்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நாங்கள் தகடு அளக்கும்போது பெயிண்ட் நன்றாக இருக்கும் இடத்தைத் தாண்டிப் போய்விடுவது வழக்கம், துருப்பிடித்த இடத்தில்தான் கருவியை வைப்போம்.

ஒரு சின்னக் கேள்வி. உடலுக்குள் நுழையும் குழாய்கள், புரொப்பல்லர் தண்டு இவற்றை எப்படிப் பார்த்தார்கள்? எங்கள் வேலையில் தண்டுப் பக்கம்தான் எப்போதும் தொல்லை.

இன்னொன்று. ஹாலண்ட் 1 பக்கத்தில் இருந்த பலகையில் அதையே இரண்டு முறை காப்பாற்ற வேண்டியிருந்தது என்கிற மாதிரி போட்டிருந்தது, தங்கை மகன் இழுத்துக்கொண்டு போனதில் முழுக்கப் படிக்க முடியவில்லை. யாருக்காவது தெரியுமா?

---

கொதிகலன்காரர் எழுதியது:

தண்டுக்கு கிளாண்ட் பேக்கிங். கொழுப்பில் ஊறிய சணல் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி ஓர் உறையால் முடுக்குவது. முழுக்க இறுக்கினால் தண்டு சூடேறித் தேய்ந்துவிடும், எனவே சொட்டுச் சொட்டாக ஒழுகவே விட வேண்டும். நீர்மூழ்கியில் ஆழம் போகப்போகச் சொட்டு கூடும். கூடினால் கொஞ்சம் முடுக்கு, மேலே வந்தால் கொஞ்சம் தளர்த்து. அதற்கென்று ஓர் ஆள் பக்கத்திலேயே இருப்பான்.

வால்வுக்கு, அதன் மூடி உட்காரும் இருக்கையில் புளூ என்ற நீல மை தடவி மூடித் திறந்து பார்ப்பது. முழு வட்டமும் பதிந்தால் சரி. எங்காவது விட்டுப்போயிருந்தால் அரைக்கும் பசை போட்டுக் கையால் அரைக்க வேண்டும். அவசரப்பட்டால் வராது. ஒரு வால்வுக்கு அரை நாள்கூட ஆகும்.

வெண்கலப் புரொப்பல்லர் பக்கத்தில் உடலுக்குப் பதிலாகத் தாம் கரையும்படி துத்தநாகக் கட்டிகள் போடுவது நீங்கள் செய்வதுதான், அப்போதும் இருந்தது. ஹம்ஃப்ரி டேவி 1824-லேயே பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களுக்காகக் கண்டுபிடித்துச் சொன்னது. கட்டி கரைந்திருந்தால் சந்தோஷப்பட வேண்டும், கரையாமல் புதிதாகவே இருந்தால் அது உடலோடு சேரவில்லை, உடல்தான் கரைகிறது என்று பொருள். இதைப் புதிய பையன்களுக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்கு எப்போதும் நேரம் எடுக்கும்.

---

உப்புநீர் எழுதியது:

ஹாலண்ட் 1 பற்றி நான் சொல்கிறேன், உலோகத் தொல்பொருள் பாதுகாப்பு படிக்கிறேன், எங்கள் வகுப்பில் இது பாடம்.

1913-ல் அதைப் பழைய இரும்புக்காக 410 பவுண்டுக்கு விற்றுவிட்டார்கள். இழுத்துக்கொண்டு போகும்போது எடிஸ்டோன் கலங்கரைவிளக்கம் பக்கத்தில் மோசமான வானிலையில் மூழ்கியது, உள்ளே ஆளில்லை. 1981-ல் கண்டுபிடித்து 1982-ல் தூக்கினார்கள். எழுபது வருடம் கடலில் கிடந்தும் வடிவம் அப்படியே இருந்தது. சுத்தம் செய்து, துருவெதிர்ப்புப் பூச்சு பூசி, 1983-ல் மக்கள் பார்க்க வைத்தார்கள். எல்லோரும் வேலை முடிந்தது என்று நினைத்தார்கள்.

பத்து வருடத்துக்குள் அது உதிரத் தொடங்கியது. கடலில் எழுபது வருடம் தாங்கியது அருங்காட்சியகத்தில் பத்து வருடம் தாங்கவில்லை. காரணம் உப்பு. கடலில் கிடக்கும் இரும்பின் துருவுக்குள்ளும் அதன் அடியில் உலோகத்தின் குழிகளிலும் குளோரைடு போய் உட்கார்ந்துகொள்ளும். தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைவு, அதனால் மெதுவாக நடக்கும். வெளியே எடுத்துக் காற்றில் வைத்தால் ஆக்சிஜனும் ஈரமும் தாராளம், குளோரைடு அங்கேயே இருந்துகொண்டு இரும்பைத் திரும்பத் திரும்பத் துருவாக்கும். தான் தீர்ந்துபோகாது. மேலே பூசிய பூச்சு அதை உள்ளேயே பூட்டிவைத்துவிட்டது. பேட்டரி அறை அண்ணா சொன்ன கொப்புளம்தான், இங்கே ஆசிட்டுக்குப் பதில் உப்பு.

பிறகு செய்ததுதான் உண்மையான பழுதுபார்ப்பு. படகைச் சுற்றியே கண்ணாடியிழைத் தொட்டி கட்டி, முழுப் படகையும் சோடியம் கார்பனேட் கரைசலில் மூழ்கவைத்தார்கள். சலவைச் சோடாதான். காரத்தன்மை இருப்பதால் இரும்பு மேலும் துருப்பிடிக்காது, குளோரைடு மெல்ல மெல்லக் கரைசலுக்குள் வெளியேறும். நான்கு வருடம் இப்படி ஊறியது. இப்போது அதற்கென்று ஈரப்பதம் கட்டுப்படுத்திய கட்டடத்தில் நிற்கிறது. நீங்கள் உள்ளே போனபோது காற்று வறண்டிருந்ததைக் கவனித்திருப்பீர்கள்.

ஹன்லிக்கும் இதே வைத்தியம். 2000 ஆகஸ்ட் 8-ல் தூக்கினார்கள். ஒரு நாள்கூடக் காயவிடவில்லை. நேராகக் குளிர்ந்த நன்னீர்த் தொட்டிக்குள் வைத்து, அதற்குள்ளேயே அகழ்ந்து ஆய்வு செய்தார்கள். 2011-ல்தான் சாய்ந்திருந்ததை நிமிர்த்தினார்கள். 2014-லிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், வேலை செய்யும்போது வடித்துவிட்டு முடிந்ததும் மறுபடி நிரப்புவது. மேலே கல்லாக இறுகியிருந்த கடல் படிவத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்த பிறகுதான் உடலின் ரிவெட்டுகளையே முழுக்கப் பார்க்க முடிந்தது.

கரைசலிலிருந்து அவ்வப்போது மாதிரி எடுத்துக் குளோரைடு எவ்வளவு வந்திருக்கிறது என்று அளப்போம். எண் ஏறிக்கொண்டே போனால் இன்னும் உள்ளே இருக்கிறது என்று பொருள். நின்றுவிட்டால் கரைசலை மாற்றிவிட்டு மறுபடி அளப்போம், ஏனென்றால் கரைசல் நிறைந்துபோயும் நின்றிருக்கலாம்.

---

ஆழ்கடல்வாசகி எழுதியது:

எலி திருத்தத்துக்கு நன்றி, பேட்டரி அறை. நான் பல வருடமாகத் தவறாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இங்கிலாந்து போக முடியாதவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் குர்சுரா நிற்கிறது. ஆரம்பக்காலப் படகு இல்லை, 1969-ல் நம் கடற்படையில் சேர்ந்த சோவியத் படகு, 2002-லிருந்து அருங்காட்சியகம். உடல் வெல்டிங்தான், ரிவெட் பார்க்க முடியாது. ஆனால் தரைக்கு அடியில் பேட்டரி எவ்வளவு இடுக்கில் உட்கார்ந்திருக்கும் என்று புரிந்துகொள்ள அங்கே ஒருமுறை நடந்தால் போதும். நான் போனபோது வழிகாட்டியாக இருந்தவர் கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேட்டரியைப் பற்றிக் கேட்டதும் மற்ற கூட்டத்தை நகரவிட்டு எனக்குத் தனியாகப் பத்து நிமிடம் விளக்கினார்.

---

தகடுமானி எழுதியது:

உப்புநீர், அந்த வறண்ட காற்று ஞாபகம் இருக்கிறது, ஏசி என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று ஒரு இழுவைப் படகு டாக்கில் ஏறியது. பின்பக்கத் தொட்டியில் பூச்சு போன வருடம் போட்டது, பார்க்கப் புதிதாக இருந்தது. ஓர் இடத்தில் விரல்நக அளவு கொப்புளம். மேற்பார்வையாளரிடம் கேட்டுச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளே ஈரம், அடியில் குழி. அளந்தால் 10 மில்லிமீட்டர் தகடு அந்த இடத்தில் 6.2. பக்கத்தில் இன்னும் நான்கு கொப்புளம் இருக்கிறது, நாளைக் காலை அவற்றைப் பார்க்கிறேன்.